மரியா மெரியனின் சுரிநாம் ஓவியங்கள்: பாராட்டும் சர்ச்சையும் எதைப் பற்றியவை?

2023 ஜூலை 1 அன்று நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாண்டர், தம் நாடு நடத்திய அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார். அதற்கு முந்தைய டிசம்பரில் பிரதமர் மார்க் ருட்டே அரசின் சார்பில் கேட்டிருந்தார். சர்க்கரை, காப்பி, கப்பல் கம்பெனி என்று பேச்சு போகும்போது யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஆனால் அந்த அடிமை முறை நடந்த டச்சுக் குடியேற்றங்களில் பிறந்த கலையையும் அறிவியலையும் பற்றிப் பேச்சு வரும்போது கருத்து இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பூச்சிகளை வளர்த்து, பார்த்து வரைந்த ஜெர்மானிய ஓவியர் மரியா சிபில்லா மெரியன் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

ஒரு பக்கம், 52 வயதில் மகளை அழைத்துக்கொண்டு கடல் கடந்து தென் அமெரிக்கக் காட்டுக்குப் போன துணிச்சல்காரர், பூச்சியியலின் முன்னோடி, சூழலியலுக்கே தாய் என்று புகழ்கிறார்கள். இன்னொரு பக்கம், அடிமைகளின் உழைப்பில் வேலை செய்து, அவர்கள் சொன்னதைத் தன் பெயரில் அச்சிட்டவர் என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. அதுவும் அவரே எழுதி 1705இல் வெளியிட்ட 'சுரிநாம் பூச்சிகளின் உருமாற்றம்' என்ற ஒரு புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் படங்கள் எப்படி வரையப்பட்டன என்று அடிப்படையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏன் பிரிக்க முடியாதவை என்பது புரியும்.

சுரிநாம் எப்படிப்பட்ட இடம்?

தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில், இன்றைய கயானாவுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் நடுவில் இருக்கும் சிறிய நாடு சுரிநாம். 1651இல் ஆங்கிலேயர் அங்கே கரும்புத் தோட்டம் போட்டார்கள். 1667இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். அதே ஆண்டு பிரெடா உடன்படிக்கையில் சுரிநாம் டச்சுக்காரர் கையிலும், இன்று நியூயார்க் என்று அழைக்கப்படும் நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயர் கையிலும் நின்றது. அன்றைய கணக்கில் சர்க்கரை விளையும் சுரிநாம்தான் லாபமான பங்கு.

1683இல் இந்தக் குடியேற்றம் மூன்று பங்குதாரர்களின் சொத்தானது: டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, ஆம்ஸ்டர்டாம் நகராட்சி, சோமல்ஸ்டைக் என்ற பிரபுக் குடும்பம். அந்தக் குடும்பத்துக் கொர்னெலிஸ் ஆளுநராகப் போனார். 1688இல் அவருடைய சொந்தப் படைவீரர்களே அவரைக் கொன்றார்கள். குடியேற்றம் என்றால் அமைதியான புது ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆற்றங்கரை முழுக்கக் கரும்பு, அதைப் பிழியும் ஆலைகள், அங்கே வேலை செய்ய மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகள், நிலம் பறிபோன அரவாக், கரீபு மக்கள், காட்டுக்குள் தப்பி ஓடித் தனி ஊர் அமைத்துக்கொண்ட ஆப்பிரிக்கர்கள், இவர்களுக்கு மேல் சிறு எண்ணிக்கையில் ஐரோப்பியர்கள். தலைநகர் பாராமரிபோ அப்போது சிறிய துறைமுக ஊர்.

டச்சுக்காரர்களின் அடிமை வணிகம் நமக்குத் தொலைவான கதையும் அல்ல. கிழக்கில் அவர்களுக்கு வேறு கம்பெனி இருந்தது. அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் பழவேற்காடு உள்ளிட்ட சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து மனிதர்களை வாங்கி பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மற்ற இடங்களுக்கும் ஏற்றி அனுப்பியது. சுரிநாமில் நடந்தது அதே வணிக உலகின் மேற்குப் பக்கம்.

அங்கே போவதற்கு முந்தைய 52 ஆண்டுகள்

மெரியன் 1647 ஏப்ரல் 2 அன்று பிராங்க்பர்ட்டில் பிறந்தார். அப்பா மத்தேயுஸ் மெரியன், ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற செதுக்கோவியர், பதிப்பாளர். மகளுக்கு மூன்று வயதாகும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்ட யாக்கோப் மாரெல் பூக்களை வரைவதில் கைதேர்ந்தவர். அவரிடம்தான் பெண் தொழில் கற்றார். அன்றைய ஜெர்மானிய நகரங்கள் பலவற்றில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து விற்கும் உரிமையை ஓவியர் சங்கங்கள் ஆண்களுக்கே வைத்திருந்தன. பெண்களுக்கு நீர்வண்ணம், எம்பிராய்டரி மாதிரிகள், பூ, பழம். மெரியன் கடைசிவரை நீர்வண்ணத்திலேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். பூச்சியின் மயிர்க்காலைக் காட்டும் நுணுக்கம் அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே வளர்ந்தது.

13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். அப்புறம் கண்ணில் படும் எல்லாப் புழுக்களையும் பெட்டியில் போட்டு, எது எந்த இலையைத் தின்கிறது, எப்போது கூடு கட்டுகிறது, உள்ளேயிருந்து என்ன வருகிறது என்று குறித்துக்கொண்டார். கன்றுத் தோலின் சிறு துண்டுகளில் ஒவ்வொரு நிலையையும் வரைந்து, எண் போட்டு, எதிரே குறிப்பு எழுதினார். இந்தக் குறிப்பேட்டை வாழ்நாள் முழுக்கக் கூடவே வைத்திருந்தார்.

1665இல் யோகான் கிராஃப் என்ற ஓவியரை மணந்தார். நூரம்பர்க் நகரில் குடித்தனம், இரண்டு பெண் குழந்தைகள், வீட்டிலேயே பெண்களுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கும் வகுப்பு, வண்ணம் விற்பனை. இதற்கு நடுவே 1679இலும் 1683இலும் புழுக்களைப் பற்றி இரண்டு பகுதிகளாக நூல் வெளியிட்டார்; பகுதிக்கு 50 படம். 1685 வாக்கில் கணவரை விட்டுப் பிரிந்து, அம்மாவையும் மகள்களையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தின் வீவெர்ட் என்ற ஊரிலிருந்த லாபடிஸ்ட் சபையில் சேர்ந்தார். சொத்தைத் துறந்து கூட்டாக வாழும் கிறித்தவக் குழு அது. கணவர் தேடி வந்தும் திரும்பிப் போக மறுத்துவிட்டார். இந்தச் சபை இருந்த மாளிகை, சுரிநாம் ஆளுநரின் சகோதரிகளுக்குச் சொந்தமானது. சபைக்காரர்கள் சுரிநாமில் ஒரு தோட்டமும் வைத்திருந்தார்கள். சுரிநாம் என்ற பெயர் மெரியன் வாழ்க்கையில் நுழைந்த வழி இதுதான். 1691இல் சபையை விட்டு ஆம்ஸ்டர்டாம் வந்தார். அடுத்த ஆண்டு மணமுறிவு உறுதியானது.

எதை அவர் கண்டுபிடித்தார், எதை இல்லை?

"உருமாற்றத்தைக் கண்டுபிடித்த பெண்" என்று பகிரப்படும் செய்தி சரியல்ல. உருமாற்றம் என்பது முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என்று ஒரே உயிர் வடிவம் மாறி வளர்வது. அன்றைய ஐரோப்பாவில் பலர் இதை நம்பவில்லை. சேற்றிலிருந்தும் அழுகிய இறைச்சியிலிருந்தும் பூச்சிகள் தாமாகவே தோன்றும் என்பது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த எண்ணம். அதை உடைத்ததில் பலருக்குப் பங்கு உண்டு.

1. இத்தாலியின் பிரான்செஸ்கோ ரெடி 1668இல் இறைச்சியை மூடி வைத்தும் திறந்து வைத்தும் சோதனை செய்து, ஈ முட்டையிட்டால்தான் புழு வரும் என்று காட்டினார். 1669இல் டச்சுக்காரர் யான் ஸ்வாமர்டாம் பூச்சிகளை அறுத்துப் பார்த்து, புழுவும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே உயிர் என்று நிறுவினார். அவருக்கும் முன்பே இன்னொரு டச்சு ஓவியரான யான் ஹூடார்ட் பூச்சிகளை வளர்த்து வரைந்திருந்தார்.

2. மெரியன் செய்த புதுமை வேறு. அவருக்கு முன்னால் வரைந்தவர்களில் பலர் பூச்சியை வெற்றுத் தாளில், செடியில்லாமல் வைத்தார்கள். மெரியன் புழு தின்னும் செடியை நடுவில் வைத்து, அதன் இலையில் முட்டையையும் புழுவையும், தண்டில் கூட்டையும், பூவின் மேல் வண்ணத்துப்பூச்சியையும் ஒரே தாளில் கொண்டுவந்தார்.

இது அழகுக்காகச் செய்தது மட்டும் அல்ல. பல புழுக்களுக்குக் குறிப்பிட்ட உணவுத் தாவரம் உண்டு. நம் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சையிலும் இலையைக் கடித்துக்கொண்டிருக்கும் பச்சைப் புழு, பின்னர் பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். அதையே கொண்டுபோய் எருக்கில் விட்டால் பட்டினி கிடந்து செத்துவிடும். இந்த உறவைத் தாளில் முதலில் முறையாகப் பதிந்தவர்களில் மெரியன் முன்னணியில் நிற்கிறார். சில புழுக்களிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் சிறு ஈக்கள் வெளிவந்ததையும் மறைக்காமல் குறித்தார். ஒட்டுண்ணிகளைப் பற்றிய தெளிவு வராத காலத்தில் பதிவான அந்தக் குறிப்புகள் இன்றும் மதிப்புள்ளவை.

3. முதல் புழு நூல்களை லத்தீனில் எழுதாமல் ஜெர்மன் மொழியில் எழுதினார். பல்கலைக்கழகம் போகாதவர்களும் படிக்க முடிந்தது.

ஏன் சுரிநாம்?

ஆம்ஸ்டர்டாமில் பணக்காரர்கள் வீட்டில் அலமாரி அலமாரியாகக் கடல் கடந்த சங்கு, பூச்சி, பறவைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். நகர மேயர் நிகோலாஸ் விட்சன், உடற்கூறியலாளர் பிரெடெரிக் ரூய்ஷ் போன்றவர்களின் சேகரிப்புகளை மெரியன் போய்ப் பார்த்தார். அவருக்கு அதில் நிறைவு இல்லை. ஊசி குத்திய வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அது எந்தப் புழுவிலிருந்து வந்தது, அந்தப் புழு எதைத் தின்றது என்று ஒன்றும் இல்லை. இந்தக் குறைதான் தன்னைச் சுரிநாமுக்குப் போக வைத்தது என்று நூலின் முன்னுரையில் சொல்கிறார்.

1699இல் தன் ஓவியங்கள் 255ஐ விற்பனைக்கு வைத்து, உயில் எழுதி வைத்துவிட்டு, இளைய மகள் டொரோத்தேயாவுடன் கப்பல் ஏறினார். மகளுக்கு அப்போது 21 வயது. அந்தக் காலத்து அறிவியல் பயணங்களை அரசர்களும் கம்பெனிகளும் அனுப்பினார்கள். ஒரு பெண், கணவரோ புரவலரோ இல்லாமல், பூச்சி பார்ப்பதையே நோக்கமாக வைத்துத் தன் சொந்தக் காசில் அட்லாண்டிக்கைக் கடந்தது அன்றைக்கு யாரும் எதிர்பாராத ஒன்று. இந்தத் துணிச்சலை எந்த விமரிசனத்தாலும் குறைக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

பாராமரிபோவில் வேலை எப்படி நடந்தது?

தோட்ட முதலாளிகளுக்கு அவர் வேடிக்கையாகத் தெரிந்தார். இந்த நாட்டில் சர்க்கரையைத் தவிர வேறு எதையோ தேடுகிறாள் என்று கேலி செய்தார்கள் என்று மெரியனே எழுதியிருக்கிறார். பதிலுக்கு அவரும் அவர்களைக் கண்டித்தார்: இத்தனை வகைச் செடி கொடிகள் இருக்கும் மண்ணில் கரும்பைத் தவிர எதையும் பயிரிட்டுப் பார்க்க இவர்களுக்கு ஆசையே இல்லை என்றார்.

வேலைமுறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். படத்தைப் பற்றிய சர்ச்சைக்கும் இதுவே அடிப்படை. புழுவும் கூட்டுப்புழுவும் செத்தால் நிறம் மங்கி, சுருங்கிவிடும். அவற்றை உயிரோடு இருக்கும்போதே கன்றுத் தோலில் வரைந்தாக வேண்டும். வண்ணத்துப்பூச்சியையும் வண்டையும் உலர்த்தலாம். பல்லி, பாம்பு, தவளையைச் சாராயத்தில் போடலாம். அவற்றை ஆம்ஸ்டர்டாம் கொண்டுபோய் நிதானமாக வரைந்தார். ஆக ஒரு சுரிநாம் படம் என்பது ஒரே இடத்தில் ஒரே நாளில் பார்த்த காட்சி அல்ல. வெயிலில் உட்கார்ந்து வரைந்த புழுவும், கடல் கடந்து வந்த உலர்ந்த சிறகும், குறிப்பேட்டுச் செடியும் பின்னால் ஒரே தாளில் சேர்க்கப்பட்டவை.

சரி, புழுக்கள் எங்கிருந்து வந்தன? வீட்டுத் தோட்டத்தில் கொஞ்சம் கிடைத்தன. ஆற்றில் மேலே போய், லாபடிஸ்ட் சபையின் பழைய தோட்டமான லா பிராவிடன்ஸிலும் தேடினார். காடு முள்ளும் புதருமாக அடைந்து கிடந்ததால், கையில் கோடாலியோடு அடிமைகளை முன்னால் அனுப்பி வழி வெட்டச் சொல்ல வேண்டியிருந்தது என்று எழுதுகிறார். காட்டில் கண்ட ஒரு செடியைப் பழங்குடி ஆள் ஒருவரை வைத்து வேரோடு பறித்துக்கொண்டு வந்து தோட்டத்தில் நட்டதாக இன்னோரிடத்தில் வருகிறது. "என் அடிமைகள்", "என் இந்தியர்" என்ற சொற்களை எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறார் (அமெரிக்கப் பழங்குடியினரை அன்றைய ஐரோப்பியர் இந்தியர் என்றே அழைத்தார்கள்). மரவள்ளியின் நச்சுச் சாற்றைப் பிழிந்து நீக்கி ரொட்டி சுடும் முறை, எந்தப் பழம் எப்படிச் சாப்பிடப்படுகிறது, எந்தச் செடி எந்த நோய்க்கு என்ற தகவல்களெல்லாம் அங்கே வாழ்ந்தவர்களிடமிருந்து கிடைத்தவை. தனியாகக் காட்டை வென்ற பெண் என்ற சித்திரம் இங்கேதான் உடைகிறது. அதை உடைப்பது அவருடைய எதிரிகள் அல்ல, அவரே எழுதிய வரிகள்.

சுரிநாம் வெயிலும் காய்ச்சலும் அவரைப் படுத்தி எடுத்தன. நீண்ட நாள் தங்கும் எண்ணத்தோடு போனவர் இரண்டு ஆண்டு கூட முடியாமல் 1701இல் திரும்பினார். கூடவே ஒரு பழங்குடிப் பெண்ணையும் ஆம்ஸ்டர்டாம் அழைத்துப் போனார். கப்பலில் வந்தவர்களைப் பற்றிய பதிவில் அந்தப் பெண் "இந்தியப் பெண்" மட்டுமே, பெயர் கிடையாது.

மயில்கொன்றைப் படம்

நூலின் 45ஆம் படம் நம் தெருவோரங்களில் நிற்கும் மயில்கொன்றை. சிவப்பும் மஞ்சளுமான இதழ், நீண்டு வெளியே நிற்கும் மகரந்தத் தாள்கள், தட்டையான காய். இலையில் ஒரு பச்சைப் புழு, மேலே சாம்பல் நிற அந்துப்பூச்சி. படம் இவ்வளவுதான். எதிரே அச்சான உரையைப் படித்தால்தான் அந்தப் பக்கம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

பிரசவ வலியைத் தூண்ட இதன் விதையைப் பயன்படுத்துகிறார்கள் என்று தொடங்குகிறார். அடுத்து, டச்சு எஜமானர்கள் மோசமாக நடத்துவதால், தங்கள் பிள்ளைகளும் தங்களைப் போல் அடிமைகளாகக் கூடாது என்று பழங்குடிப் பெண்கள் இதே விதையால் கருவைக் கலைத்துவிடுகிறார்கள் என்கிறார். கினியாவிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கறுப்புப் பெண்களை நல்லபடி நடத்தாவிட்டால் அவர்கள் பிள்ளை பெறுவதில்லை, கொடுமை தாங்காமல் உயிரையே விடுகிறார்கள், செத்தால் சொந்த நாட்டில் சுதந்திரமாக மறுபடி பிறப்போம் என்று நம்புகிறார்கள் என்கிறார். அவர்கள் வாயாலேயே இதைக் கேட்டதாக முடிக்கிறார்.

1705இல் ஆம்ஸ்டர்டாம் பணக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரு படப் புத்தகத்தில் இது அச்சானது என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டும். கரும்புத் தோட்டத்தில் பங்கு வைத்திருந்த நகரம் அது. அடிமைப் பெண்கள் தங்கள் உடலைக் கொண்டே எதிர்த்தார்கள் என்பதற்கு அந்தக் காலத்திலிருந்து நேரடிச் சாட்சி கிடைப்பது அரிது. தோட்ட முதலாளிகளின் கணக்கேட்டில் அது வெறும் நஷ்டமாக இருந்திருக்கும். ஓர் ஆண் அதிகாரியிடம் அந்தப் பெண்கள் இதைச் சொல்லியிருப்பார்களா? வெள்ளைக்காரியாக இருந்தாலும் செடியையும் புழுவையும் கேட்டுக்கொண்டு வந்த ஒரு பெண் என்பதால் சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செடியின் கதை அங்கே முடியவில்லை. மயில்கொன்றை அழகுச் செடியாக உலகம் சுற்றியது. கேரளக் கரைத் தாவரங்களை டச்சுக்காரர்கள் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலிலும் இதே செடி "செட்டி மந்தாரம்" என்ற பெயரில் இருக்கிறது. மெரியன் படங்களுக்குத் தாவரக் குறிப்பு எழுதிக்கொடுத்த ஆம்ஸ்டர்டாம் தாவரவியலாளர் காஸ்பர் கொமெலின், 1696இல் அந்த மலபார் நூலுக்குப் பெயர்ப்பட்டியல் தொகுத்தவர். ஆக சுரிநாமும் மலபாரும் ஒரே மேசையில் வந்து சேர்ந்தன. விதை கப்பலேறியது, அந்தப் பெண்கள் சொன்ன பயன்பாடு ஐரோப்பிய மருத்துவத்துக்குள் நுழையவில்லை.

மெரியன் அடிமை முறையை எதிர்த்தவர் என்று இந்தப் பத்தியை வைத்துச் சொல்ல முடியாது. டச்சுக்காரர்கள் நடத்தும் விதத்தைக் குறை சொல்கிறார், அவ்வளவுதான். வழி வெட்ட அடிமைகளை அனுப்பியதைச் சொல்லும்போது அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி, யாரிடம் கேட்டோம் என்பதையும் சேர்த்து எழுதினார். அதனால்தான் இன்று நமக்கு அது கிடைக்கிறது.

புத்தகம் எப்படி உருவானது?

'சுரிநாம் பூச்சிகளின் உருமாற்றம்' 1705இல் டச்சு, லத்தீன் இரண்டு மொழியிலும் வந்தது. 60 பெரிய படங்கள். பதிப்பாளரை நம்பாமல் தானே வெளியிட்டார். செலவுக்கு முன்பணம் திரட்டினார். போதாததற்குச் சுரிநாமிலிருந்து கொண்டுவந்த முதலை, பாம்பு போன்றவற்றைப் பதப்படுத்தி விற்கவும் முயன்றார்.

அச்சுமுறை தெரிந்தால் இணையத்தில் இந்தப் படங்களைப் பார்க்கும்போது வரும் ஒரு குழப்பம் தீரும். மூலப்படத்தைப் பார்த்துச் செதுக்குநர்கள் செப்புத் தகட்டில் கோடுகளை வெட்டுவார்கள். தகட்டில் மை பூசித் தாளில் அழுத்தினால் படம் இடவலம் மாறி விழும். சில படிகளுக்கு மெரியன் இன்னொரு வேலை செய்தார்: மை காயாத அந்தத் தாளின் மேல் வேறொரு தாளை வைத்து அழுத்தி, மங்கலான இரண்டாவது படி எடுத்தார். அதில் கோடு மெலிதாக இருக்கும், தகட்டின் விளிம்பு பதிந்திருக்காது, படம் மூலத்தைப் போலவே திரும்பி நிற்கும். அதன்மேல் கையால் வண்ணம் தீட்டினால் அச்சு என்றே தெரியாது, ஓவியம் போலவே இருக்கும். ஒரே படம் இணையத்தில் இரண்டு பக்கமும் பார்த்தபடி கிடைப்பது இதனால்தான். எதுவும் போலி அல்ல.

பின்னர் ஏன் நம்பாமல் போனார்கள்?

அவர் காலத்திலும் அதற்குப் பின்னும் மதிப்பு இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது, சுரிநாம் உயிர்களுக்கு மெரியன் படங்களை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆதாரமாகக் காட்டினார். 19ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. அதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம்.

1. உண்மையான பிழைகள். ஒரு வகைப் பூச்சியின் நீண்ட தலை இரவில் விளக்காக எரியும், அதில் பத்திரிகையே படிக்கலாம் என்று எழுதினார். அது ஒளிர்வதில்லை. கொய்யா மரப் படத்தில் இலையை வெட்டிச் சுமக்கும் எறும்பையும், உடலைக் கோத்துப் பாலம் கட்டும் வேட்டை எறும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். இரண்டும் வேறு இனங்கள்.

2. அவர் செய்யாத பிழைகள். மெரியன் 1717 ஜனவரி 13 அன்று இறந்தார். 1719இல் வந்த பதிப்பில் கூடுதலாக 12 படங்களைச் சேர்த்து 72 ஆக்கினார்கள். அவர் மேற்பார்வையில் வராத படங்களும், பின்னால் வந்த பதிப்புகளின் தாறுமாறான வண்ணமும் அவர் தலையில் விழுந்தன.

3. பார்க்காமலே சொன்ன தீர்ப்பு. கரீபியனின் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்த லான்ஸ்டவுன் கில்டிங் என்ற பாதிரியார் மெரியன் நூலைக் கடுமையாகத் தாக்கி எழுதிய கட்டுரை 1834இல் வெளியானது. அவர் சுரிநாமுக்குப் போனதில்லை. கையில் இருந்தது பிற்காலப் பதிப்பு. அதிகம் கேலிக்கு ஆளானது அதே கொய்யா மரப் படம். பெரிய மயிர்ச்சிலந்தி ஒன்று ரீங்காரச்சிட்டைப் பிடித்துத் தின்பதாக அதில் இருக்கும். சிலந்தியாவது, பறவையைத் தின்பதாவது என்றார்கள். 1863இல் ஆங்கில இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸ், அமேசான் பகுதியில் தாம் கண்ணால் கண்டதை வெளியிட்டார்: மரப் பொந்துக்குக் குறுக்கே வலை, அதில் இரண்டு சிறு குருவிகள், ஒன்று செத்துக் கிடந்தது, இன்னொன்று சிலந்தியின் அடியில் உயிர் போகும் நிலையில். மெரியன் படம் கட்டுக்கதை அல்ல என்று உறுதியாக அப்போது ஒன்றரை நூற்றாண்டு கடந்திருந்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. உள்ளூர் மக்களிடம் கேட்டு எழுதினார் என்பதே நம்பகமின்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. பெண் என்பதும், அவருக்குச் சொன்னவர்கள் அடிமைகள் என்பதும் சேர்ந்துகொண்டன. அவரைச் சந்தேகித்தவர்களும், இன்று அவரைத் தனி மேதையாகக் கொண்டாடுபவர்களும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள்: சொன்ன மக்களின் அறிவை இருவருமே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

குடும்பமும் படங்களும்

மூத்த மகள் யோகானா ஹெலெனா கணவருடன் 1711இல் சுரிநாமுக்கே குடிபோனார். ரஷ்யாவின் பேரரசர் பீட்டர் அப்போது ஆம்ஸ்டர்டாமில் இருந்தார். மெரியன் இறந்த அதே நாளில் பேரரசரின் மருத்துவர் அவருடைய ஓவியங்களில் பெரும் தொகுதியை வாங்கினார். இளைய மகள் டொரோத்தேயா, தன் இரண்டாவது கணவரான ஓவியர் கெயோர்க் க்செலுடன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ப் பேரரசரின் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். அங்கே போன குறிப்பேடு இன்றும் அந்நகரில்தான் இருக்கிறது. இங்கிலாந்து அரச சேகரிப்பிலும் ஒரு நல்ல தொகுதி உண்டு. ஜெர்மனி தன் 500 மார்க் நோட்டில் மெரியனின் முகத்தைப் போட்டது, யூரோ வரும்வரை.

இந்தப் படங்களைத் தேடிப் பார்க்க விரும்புபவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனித்துக்கொள்ளலாம். முதலாவது, படத்தை மட்டும் எடுத்துப் பகிராமல் எதிர்ப்பக்க உரையையும் சேர்த்துப் படிப்பது. செடிகளுக்கு அங்கே வாழ்ந்தவர்கள் வைத்திருந்த பெயர்களையே வைத்துக்கொண்டதாக முன்னுரையில் மெரியன் சொல்கிறார்; அந்தப் பெயர்களும், யார் கொண்டுவந்து கொடுத்தார், யார் சொன்னார் என்ற குறிப்புகளும் உரையில்தான் இருக்கின்றன. இரண்டாவது, எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்ப்பது. 1705 என்றால் 60 படங்களோடு நிற்கும். 61 முதல் 72 வரை எண் போட்ட படங்களை வைத்து அவரைப் புகழவும் வேண்டாம், குறை சொல்லவும் வேண்டாம்.